பிறநாட்டுச் சிறுமியருக்கான மசோதா அமெரிக்காவில் சட்டமாகும் வழி

பிற நாடுகளில் வாழும் சிறுமியரின் உரிமைக்காக அமெரிக்காவில் ஒரு சட்டம் வேண்டுமென உழைப்பவர்கள், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளான பிரதிநிதிகள் அவையிலும் செனட்டிலும் அதனை முன்மொழிய உறுப்பினர்களைத் தேட வேண்டும். இரு கட்சியினரும் இணைந்து முன்மொழிவதே நல்லது. அதன்பின் மசோதா அந்தந்த அவையின் வெளியுறவுக் குழுவுக்குச் செல்லும். பெரும்பாலான மசோதாக்கள் குழுவிலேயே முடங்கிவிடுவதால், உங்கள் தொகுதி உறுப்பினரை இணை முன்மொழிபவராகச் சேரும்படி கடிதத்திலும் தொலைபேசியிலும் வலியுறுத்த வேண்டிய நேரம் இதுவே.

வாக்கெடுப்பு எந்த முறையில் நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். உலகெங்கும் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதற்கான மசோதாவை 2010 டிசம்பரில் செனட் எதிர்ப்பின்றி ஏற்றது. பிரதிநிதிகள் அவையிலோ, விதிகளைத் தளர்த்தி விரைந்து நிறைவேற்றும் முறையில் அது கொண்டுவரப்பட்டதால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. 241 பேர் ஆதரித்து 166 பேர் எதிர்த்தும், அதாவது தெளிவான பெரும்பான்மை இருந்தும், அது தோற்றது வேதனைக்குரியது. நாடாளுமன்றத்தின் ஈராண்டுப் பதவிக்காலம் முடிந்துவிட்டால் மசோதாவை மீண்டும் புதிதாகவே முன்மொழிய வேண்டும்.

இரு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்றபின் அதிபர் கையெழுத்திடலாம், மறுத்துத் திருப்பியும் அனுப்பலாம். வளரும் நாடுகளில் சிறுமியரின் பிறப்புப் பதிவை ஊக்குவிக்கும் சட்டத்தில் அன்றைய அதிபர் ஒபாமா 2015 ஜூன் 12 அன்று கையெழுத்திட்டார்.

கையெழுத்தானதும் பணம் தானாக வந்துவிடாது. ஆண்டுதோறும் நிறைவேறும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் இத்திட்டங்களுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் அதே உறுப்பினர்களிடம் மீண்டும் கேளுங்கள்.