காட்டு முயலும் வீட்டு முயலும்: ஒரே பெயரால் வரும் தவறுகள்

புல்வெளியில் தனித்து வாழும் காட்டு முயலையும், வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயலையும் நாம் முயல் என்றே அழைத்துவிடுகிறோம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வளர்க்கப்படுபவை ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம்கள், குழிமுயலுக்கு 44. இரண்டும் கலந்து குட்டி ஈனுவதில்லை. இதை அறியாமல் நாம் செய்யும் தவறுகளால் அவதிப்படுபவை அந்த விலங்குகள்தாம்.

அவற்றுள் மிகக் கொடியது, வளர்த்த முயலைப் பூங்காவில் விட்டுவிட்டால் புல்லை மேய்ந்து பிழைத்துக்கொள்ளும் என்று நம்புவது. காட்டு முயலைக் காப்பாற்றுபவை மண்ணோடு கலந்துவிடும் அதன் நிறமும், நீண்ட பின்னங்கால்களும், ஆபத்தை எட்டத்திலேயே உணரும் அச்சமும் ஆகும். ஐரோப்பியக் காட்டு முயல் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த முயலுக்கு இவை கைகொடுப்பதில்லை. மழை விட்ட ஒரு மாலையில், பூங்காக் கால்வாயோரப் புதருக்கு அடியில் ஒரு வெள்ளை முயலைக் கண்டேன். வயிற்று முடி சேற்றில் திரிதிரியாக ஒட்டியிருந்தது. காதின் உள்மடிப்பில் உண்ணிகள் இருந்தன. நான் நெருங்கியபோது அது ஓடவில்லை, என் காலடிக்கு வந்து மோந்து பார்த்தது. காட்டு முயல் ஒருபோதும் அப்படி வராது. அந்த நம்பிக்கைதான் அதைப் பூனைக்கும் மலைப்பாம்புக்கும் இரையாக்குகிறது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியே தணித்துக்கொள்ளும் விலங்கு அது. நம் நண்பகல் வெப்பமே அதன் உயிரைப் பறிக்கப் போதுமானது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வளர்க்க இயலாதவர்கள் வேறொரு வீட்டைத் தேடித் தர வேண்டும். கைவிடப்பட்ட முயலைக் காண்பவர்கள் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த தவறு, விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குச் செல்லும்போது நேர்வது. வயல் வரப்பிலோ புதரோரத்திலோ தனியே கிடக்கும் முயல் குட்டியைக் கண்டதும், தாயை இழந்ததென்று எண்ணிப் பிள்ளைகள் தூக்கி வந்துவிடுகிறார்கள். அங்குள்ள காட்டு முயலின் பிடரியில் கருந்திட்டு இருக்கும். அது வளை தோண்டுவதில்லை. புல்லில் தன் உடலளவுக்கு அழுந்திய ஒரு பள்ளத்தில், காதுகளை முதுகோடு படியவைத்துப் படுத்திருக்கும். குழிமுயல் குட்டி முடியின்றி, கண் திறவாமல் வளைக்குள் பிறக்கிறது. காட்டு முயல் குட்டியோ முடியோடும் திறந்த கண்களோடும் வெட்டவெளியில் பிறந்து, அசையாமல் கிடப்பதையே தன் காவலாகக் கொள்கிறது. தாய் பகலில் அருகில் இருந்தால் அதன் வாசனையே நரியையும் நாயையும் அழைத்து வந்துவிடும். ஆகவே அது விலகியிருந்து, இருட்டிய பிறகு வந்து சில நிமிடங்கள் மட்டும் பாலூட்டிச் செல்கிறது. காயமில்லாத குட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் அதற்கு நாம் செய்யும் உதவி. அன்போடு புகட்டும் பசும்பால் அதற்குக் கழிச்சலைத் தந்து கொன்றுவிடக்கூடும். மேலும், இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலைப் பிடிப்பதும் குற்றமாகும்.

முயலை எலியின் இனம் என்பதும் தவறே. அதன் மேல்தாடை வெட்டுப்பற்களுக்குப் பின்னால் எலிக்கு இல்லாத இன்னொரு சிறு பல் இணை உண்டு. தான் இட்ட மென்மையான புழுக்கையை அது உண்பதும் நோயன்று. முதல் முறையில் செரிக்காத சத்தை அவ்வாறே மீண்டும் பெறுகிறது. கேரட்டில் சர்க்கரை மிகுதி என்பதால், வீட்டு முயலுக்கு உலர்புல்லே முதன்மை உணவாக இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கென்று இயற்கையான முயல் இனம் கிடையாது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் முயலளவில் பழுப்பாக ஏதேனும் குறுக்கிட்டு மறைந்தால், அதன் கால்களைப் பாருங்கள். மெல்லிய கால்களின் நுனியில் சிறு குளம்புகள் தெரிந்தால், நீங்கள் கண்டது சருகுமான்.