நெல்லையிலிருந்து அமெரிக்காவுக்கு: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

ஜூன் பிறந்தால் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ யாராவது ஒருவர் வீட்டில் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டுவார்கள். அங்கே பொதுப்பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் என்னைத் தேடி வருவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, பத்துக்குப் பத்து வாங்குன ஸ்கூலாப் பாத்துச் சொல்லுங்க. வாடகை கூடுனாலும் பரவால்ல."

வீட்டு முகவரியை வைத்துத்தான் அங்கே பள்ளி கிடைக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளியைப் பார்ப்பது சரிதான். ஆனால் வீடு தேடும் தளங்களில் இருக்கும் அந்தப் பத்து, பெருமளவு தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டிக் கழித்து வருவது. தேர்வு மதிப்பெண்ணோ அந்தப் பகுதிப் பெற்றோரின் சம்பளத்தை ஒட்டியே ஏறி இறங்கும். 2015-இல் வந்த கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக அறிக்கை வெளியிட வேண்டும். இனம், வருமானம், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் என்று பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். அதை இணையத்தில் எடுத்துப் படியுங்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், வருடா வருடம் முன்னேறுகிறார்களா, எத்தனை பேர் அடிக்கடி பள்ளிக்கு வராமல் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். வசதியுள்ள பிள்ளைகள் எங்கே போட்டாலும் மார்க் வாங்கிவிடுவார்கள். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஏறுகிற பள்ளிதான் சொல்லிக்கொடுக்கிற பள்ளி.

பல நிறத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றதும் நம்மவர்கள் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கு அது மிகவும் வருத்தம். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதே சீமையில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்ததையும் பார்த்தவர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலினத்து மாணவனையும் அவன் தங்கையையும், அவன் படித்த பள்ளியின் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. ஒரே கூரைக்குக் கீழே சேர்த்துவிட்டால் மட்டும் பிள்ளைகள் சேர்ந்துவிட மாட்டார்கள் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவிலும் இதே கதை வேறு வடிவில் உண்டு. நிறத்தை வைத்துப் பள்ளியைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் ஒரே கட்டடத்துக்குள் வகுப்புகள் பிரிந்து கிடக்கலாம். அதைக் கணக்கு வகுப்பில்தான் முதலில் கண்டுபிடிக்கலாம். பல இடங்களில் ஆறாம் வகுப்பிலேயே வேகமான கணக்கு, சாதாரணக் கணக்கு என்று பிரித்துவிடுகிறார்கள்; வேகமான வரிசையில் போனால்தான் எட்டாம் வகுப்பில் 'அல்ஜீப்ரா 1' என்ற பாடம் கிடைக்கும். பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது அந்த வகுப்பை எட்டிப் பாருங்கள். வராந்தாவில் எல்லா நிறமும் நடக்க, உள்ளே ஆசிய, வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் இருந்தால், அதில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் அந்தப் பள்ளி பாதி வேலையைத்தான் செய்கிறது. யாரை, எதை வைத்து அந்த வகுப்பில் போடுகிறீர்கள், நடுவில் ஒரு பிள்ளை மேலே ஏற வழி உண்டா என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் பதில் தயாராக இருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: லேட் பஸ் உண்டா? மூன்று மணி வாக்கில் மஞ்சள் பஸ் கிளம்பிவிடும். பேண்ட் வாத்தியம், ரோபோடிக்ஸ், வீட்டுப்பாட உதவி எல்லாம் அதற்குப் பிறகுதான். கூட்டிப் போகக் கார் இல்லாத வீட்டுப் பிள்ளை, ஐந்து மணி வாக்கில் ஒரு பஸ் விட்டால்தான் அதில் சேர முடியும். நான் வேலை பார்த்த பள்ளியில் அந்த பஸ் வந்த வருடம்தான் செஸ் கிளப்பில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதோடு, ஒரே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நாலைந்து ஆசிரியர்கள் வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் வழக்கம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வகுப்புக்கு வகுப்பு ஓடும் வயதில் பிள்ளையைப் பெயர் சொல்லி அறிந்த பெரியவர் ஒருவராவது வேண்டும்.

இனி காகிதங்கள். டிசி, மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கைப்பெட்டியில் வையுங்கள். தடுப்பூசியில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லா ஊசி; அங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் கேட்பார்கள். சின்னம்மை ஊசியும் கேட்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் ஆறு அல்லது ஏழாம் வகுப்புக்குக் கக்குவானும் சேர்ந்த டிடாப் (Tdap) ஊசி வேண்டும். கிளம்புமுன் குழந்தை மருத்துவரிடம் போட்டு, தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். காசநோய்ப் பரிசோதனை கேட்டால் ரத்தப் பரிசோதனையாகக் கேட்டுப் பெறுங்கள். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோலில் செய்யும் பரிசோதனை தவறாக வீங்கிக் காட்டலாம்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். தமிழ் என்று தயங்காமல் எழுதுங்கள். அதனால் பிள்ளைக்கு ஓர் ஆங்கிலச் சோதனை வைப்பார்கள், அவ்வளவுதான். உதவி தேவைப்பட்டால் கொடுக்க வேண்டியது பள்ளியின் கடமை. 1974-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கே ஆங்கிலம் தடுமாறினால் ஆசிரியரைச் சந்திக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், காசு கிடையாது. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

முதல் மாதத்தில், பள்ளியில் புத்தகம் வைக்கும் லாக்கரின் பூட்டுதான் பெரிய பாடு. ஊரிலேயே ஓர் எண் பூட்டு வாங்கித் திறந்து பழகட்டும். சாப்பாட்டு வேளையில் யாரோடு உட்கார்ந்தாய் என்று தினமும் கேளுங்கள். தனியாகத்தான் என்று பதில் வந்துகொண்டே இருந்தால் பள்ளிக் கவுன்சலருக்கு ஒரு மெயில் போடுங்கள்.

"அந்தப் பிள்ளைகளோட சேராத" என்று கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றியோ ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளைப் பற்றியோ வீட்டில் ஒரு சொல் விழக்கூடாது. பள்ளி ஒரு வருடம் பாடுபட்டுச் சேர்த்ததை அந்த ஒரு வரி பிரித்துவிடும். அதேபோல், வார இறுதியில் தமிழ்க் குடும்பங்கள் கூடும்போது, "திருநெல்வேலியா? எந்தத் தெரு?" என்று அடுத்தவரைத் துருவ வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சீக்கிரமே புரிந்துவிடும்.

ஊருக்கு வருவதைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸோடு பொங்கலையும் சேர்த்து மூன்று வாரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பள்ளி நாட்கள் பல மாநிலங்களில் 180. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 18 நாள் வராவிட்டால் தொடர் வருகைக் குறைவு என்று கணக்கில் ஏறும். சில இடங்களில் நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரையே எடுத்துவிட்டு, திரும்பியதும் புதிதாகச் சேரச் சொல்வார்கள். தவிர்க்க முடியாத பயணம் என்றால் டிக்கெட் போடுமுன்பே பள்ளி அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.