சோதனைக் குறும்பட மாலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் திரையிடல் நடத்துபவர்கள் விழாவுக்கு விழா ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வயரை மறப்பது, பென்டிரைவ் திறக்காமல் போவது எல்லாம் ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

எல்லாப் படங்களையும் ஒரே ஃபைலாக ஒட்டுவது

இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். எட்டுப் படம் வந்திருக்கும். நடுவில் தடங்கல் வேண்டாமென்று எல்லாவற்றையும் எடிட்டிங் மென்பொருளில் ஒரே டைம்லைனில் அடுக்கி ஒரு எம்.பி.4 எடுத்துவிடுவார்கள். கதைப் படமாக இருந்தால் பலருக்குத் தெரியாமலே போகலாம். ஃபிரேம் ஃபிரேமாக எண்ணி வெட்டிய படம் இதில் செத்துப்போகும்.

டைம்லைன் நொடிக்கு 25 ஃபிரேம், படம் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறாமலிருக்க மென்பொருள் நொடிக்கு ஒரு ஃபிரேமை இரட்டிக்கும். ஃபிரேம் பிளெண்டிங் ஆனில் இருந்தால் அடுத்தடுத்த ஃபிரேம்களைக் கலந்தே விடும். ஆஸ்திரிய இயக்குநர் பீட்டர் குபெல்காவின் ‘ஆர்னுல்ஃப் ரைனர்’ (1960) போல வெறும் கறுப்பு, வெள்ளை ஃபிரேம்களால் ஆன படைப்பில் அப்போது சாம்பல் நிறம் வந்து உட்காரும். வேகத்தைக் கூட்டி 25க்குக் கொண்டுவந்தாலோ, 10 நிமிடப் படம் 24 விநாடி முன்னதாகவே முடியும். குரலும் சற்றே கீச்சென்று ஏறும். படத்தோடு மேடையில் பறை வாசிப்பவர் இயக்குநர் கொடுத்த ஃபைலை வைத்துப் பயிற்சி எடுத்திருப்பார். அவர் அடி விழும்போது படம் அடுத்த ஷாட்டுக்குப் போயிருக்கும். பழி மட்டும் அவர் தலையில்.

ஒவ்வொரு படமும் தனி ஃபைலாக, 01, 02 என்று எண்ணிட்டு பிளேலிஸ்ட்டில் போகட்டும். நடுவே 10 விநாடிக் கறுப்பு ஃபைல். வி.எல்.சி. பிளேயரில் ஓட்டினால், தொடக்கத்தில் ஃபைல் பெயர் திரையில் தோன்றுவதை அணைத்துவிடுங்கள். லேப்டாப் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் அமைப்பில்) இருந்தால் 24 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று விழும். கேமரா மெல்லத் திரும்பும் ஷாட்டில் உதறல் தெரியும். புரொஜெக்டர் ஏற்றால் 24 அல்லது 48க்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி அதில் இருந்தால் அதற்கும் விடைகொடுங்கள்.

4:3 படத்தை (பழைய டிவி வடிவம்) இழுத்துத் திரையை நிரப்புவது

கூடாது.

நிகழ்த்துபவர் மேல் முன்விளக்கு

முன்னாலிருந்து அடிக்கும் விளக்கு திரையையும் வெளுக்க வைக்கும். படத்தோடு மேடையில் நிகழ்த்துபவரைத் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னே நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து ஒளி கொடுங்கள். புரொஜெக்டரின் கறுப்பும் முழுக் கறுப்பல்ல. திரை மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும். முழு இருட்டு வேண்டிய இடத்தில் லென்ஸுக்கு முன்னால் ஒரு அட்டையைப் பிடிக்க ஆள் போடுங்கள்.

பொன்னாடை

போர்த்துவதெல்லாம் படங்கள் முடிந்த பிறகு.

ஒலியில்லாப் படத்தைச் சொல்லாமல் ஓட்டுவது

ஐந்தாவது நொடியில் பின்வரிசையிலிருந்து “சவுண்டு!” என்று குரல் வரும். ஆபரேட்டர் பதறிப்போய் வால்யூமை உச்சத்துக்கு ஏற்றுவார். அடுத்த படம் அதே அளவில் வெடிக்கும். நிகழ்ச்சித் தாளில் ‘ஒலி இல்லை’ என்று போடுங்கள். ஆபரேட்டர் கையிலும் ஒவ்வொரு படத்துக்குமான வால்யூம் அளவு எழுதிய தாள் இருக்க வேண்டும்.

மினுக்கலை எச்சரிக்காமல் விடுவது

நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் படம் சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். அமெரிக்க இயக்குநர் டோனி கான்ராட் ‘தி ஃபிளிக்கர்’ (1966) படத்தை எச்சரிக்கை அட்டையோடுதான் தொடங்கினார். ஆனால் திரையில் அதைப் படிக்கும்போது ஆள் நடு இருக்கையில் மாட்டிக்கொண்டிருப்பார். டிக்கெட்டிலும் வாசலிலும் எழுதி வையுங்கள். அந்தப் படத்தை இடைவேளைக்குப் பிறகு முதலாவதாகப் போட்டால், வேண்டாதவர் யார் காலையும் மிதிக்காமல் வெளியிலேயே நின்றுகொள்ளலாம்.