பைகுல்லா மியூசியத்துல தரையப் பாக்கறது எப்படி

மும்பைல மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் இருக்கற நம்ம தமிழாளுங்க குழந்தைங்கள கூட்டிக்கிட்டு பைகுல்லால இருக்கற ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குப் போறாங்க, பெங்குவின் பாத்துட்டு அப்படியே ட்ரெய்ன் ஏறிடறாங்க. அங்கயே பக்கத்துல இருக்கற பாவ் தாஜி லாட் மியூசியத்த தயவுசெஞ்சு விட்றாதீங்க. 1872ல திறந்தது, தரைல போட்டிருக்கறது இங்கிலாந்துல ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்லேருந்து வந்த மிண்டன் கம்பெனி டைல்ஸ். என்னைக் கேட்டா உள்ள இருக்கற பொருள்லயே பெரிய பொருள் அந்தத் தரைதான், ஆனா எல்லாரும் அது மேல நடந்துட்டுப் போயிடறாங்க.

புதன்கிழமை லீவு, அன்னிக்குப் போகாதீங்க. சென்ட்ரல் லைன் ஸ்லோ ட்ரெய்ன்ல பைகுல்லா இறங்கி ஈஸ்ட் பக்கம் வந்தா நடந்தே போயிடலாம்.

உள்ள நுழைஞ்சதும் கண்ணு தானா மேலதான் போகும், பச்சைப் பெயின்ட், தங்க வேலைப்பாடு எல்லாம் அப்படி இருக்கும், அத ஒரு ரவுண்டு பாத்து முடிச்சிடுங்க, அப்புறம் ஆள் நடக்காத ஓரமா ஒதுங்கி குனிஞ்சு பாருங்க. ஒரே கலர் துண்டுங்கள சேத்து டிசைன் பண்ணிருக்காங்களா, இல்ல ஒரே டைலுக்குள்ளயே ரெண்டு மூணு கலர் இருக்கானு பிரிச்சுப் பாக்கணும். ரெண்டாவது வகைலதான் மிண்டன் பேர் வாங்கினாங்க. அது பெயின்ட் இல்ல, ஈரக் களிமண்ண அச்சுல அழுத்தி, டிசைன் இருக்கற பள்ளத்துல வேற கலர் களிமண்ணக் கூழா ஊத்தி, காஞ்சதும் மேல சுரண்டி சமமாக்கிட்டு சூளைல வச்சுடுவாங்க. கலர் உள்ளயும் இறங்கியிருக்கறதால எத்தனை கால் நடந்தாலும் சட்டுனு அழியாது. கேக்க ஈஸியா இருக்கு, ஆனா ரெண்டு களிமண்ணும் சூட்டுல ஒரே அளவு சுருங்கலேன்னா வெடிச்சுடும். 1830ல சாமுவேல் ரைட்னு ஒருத்தர் இந்த முறைக்கு பேட்டன்ட் எடுத்தார், ஹெர்பர்ட் மிண்டன் அதுல பங்கு வாங்கி வருஷக்கணக்கா போராடித்தான் ஒழுங்கா கொண்டு வந்தார்.

காரைக்குடிப் பக்கத்து ஆளுங்களுக்கு உடனே ஆத்தங்குடி கல்லு ஞாபகம் வரும். அது சிமெண்ட், கண்ணாடி மேல ஊத்தி தண்ணில ஊற வச்சு எடுக்கறது, சூளைக்கே போகாது.

அடுத்து மாடிக்கு ஏறி கைப்பிடி பக்கத்துல நின்னு கீழ பாருங்க. கீழ நிக்கும்போது துண்டு துண்டா தெரிஞ்சது, பார்டர் எங்க ஆரம்பிச்சு எங்க திரும்புதுனு அங்கேருந்துதான் முழுசாப் புரியும், இதுக்காகவே ஏறலாம்.

மும்பை ஓவியக் கல்லூரியான ஜேஜே ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ல அந்தக் காலத்துல பண்ண மண்பாண்டங்களும் இந்த மியூசியத்துல இருக்கு, அதையும் பாத்துடுங்க. இன்னும் ஆசை இருந்தா இன்னொரு நாள் கொலாபா ஆப்கன் சர்ச், அங்கயும் தரைல இங்கிலாந்து டைல்ஸ்தான், பூஜை நடக்கற நேரமா இல்லாம பாத்துப் போங்க.