பழைய மீன் தொட்டியை பிளீச் போட்டுச் சுத்தம் செய்வது எப்படி?

வேறொருவர் பயன்படுத்திய மீன் தொட்டி வீட்டுக்கு வரும்போது நத்தை முட்டை, பாசி, பழைய மீன்களுக்கு வந்த நோய்க்கிருமி என்று கேட்காத விருந்தாளிகளும் சேர்ந்தே வருவார்கள். இவற்றில் பெரும்பாலானதை பிளீச் ஒழித்துவிடும். ஆனால் முக்கால்வாசி வேலை அதற்கு முன்னால் தேய்ப்பதிலும் பின்னால் காயவைப்பதிலும்தான் இருக்கிறது.

முதலில் பாட்டிலைப் பாருங்கள். வாசனையும் சோப்பும் சேர்க்காத சாதாரண திரவ பிளீச்தான் வேண்டும். லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதம் அல்லது அதையொட்டி இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் வேறு சரக்கு, இங்கே சொல்லும் அளவு அதற்குப் பொருந்தாது. திறந்து பல மாதமான பாட்டிலும் வேண்டாம், அதில் வீரியம் குறைந்திருக்கும்.

அடுத்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகும் தொட்டிக்கு இத்தனை பாடு எதற்கு?

ஒழுகவில்லையா, சரி, தேய்க்க ஆரம்பிக்கலாம். கண்ணாடிக்கு ஸ்பாஞ்ச், மூலையில் பசை ஓடும் இடத்துக்குப் பழைய டூத் பிரஷ். சோப்பு வேண்டாம். வழவழப்பும் பாசியும் மிச்சமிருந்தால் பிளீச் அவற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமியைக் கொல்ல மிஞ்சாது.

இங்கேதான் ஓர் ஆபத்து. தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாகப் படிந்த உப்புக்கறையை எடுக்கப் பலரும் வினிகர் போடுவார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வினிகர் இன்று, நன்றாக அலசிவிட்டு பிளீச் நாளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் கிட்டே சேர்க்காதீர்கள்.

பிளீச்சில் போடக் கூடாதவையும் உண்டு: மரக்கட்டை, ஓட்டை ஓட்டையான கல், உலோகச் சாமான். நான் முதல் தடவை ஆசையாக ஒரு மரக்கட்டையை ஊறவைத்தேன். இரண்டு வாரம் தண்ணீர் மாற்றியும் வாடை போகாமல் கடைசியில் தூக்கிப்போட்டேன். கட்டையை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்தால் போதும். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் குப்பைக்குத்தான்.

இப்போது கலவை. காற்றோட்டமான இடம், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, சாயம் போனாலும் கவலையில்லாத துணி. பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி அப்புறம் பிளீச் சேருங்கள், வெந்நீர் கூடாது. பிளீச் விரலில் பட்டால் சோப்பு மாதிரி வழவழக்கும். அது உங்கள் தோலை அரிக்கிற வழவழப்பு, உடனே கழுவிவிடுங்கள்.

பிளாஸ்டிக் செடி, பொம்மை போன்றவற்றுக்கு ஒரு வாளியில் ஒன்பதரை லிட்டர் தண்ணீரும் அரை லிட்டர் பிளீச்சும். 10 முதல் 15 நிமிடம் ஊறினால் போதும், அதற்கு மேல் போனால் சாயம் வெளுக்கும். தொட்டிக்கு இவ்வளவு காரம் தேவையில்லை. லிட்டருக்கு 4 மில்லி வீதம் கலந்து விளிம்புவரை நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். 60 லிட்டர் தொட்டி என்றால் 240 மில்லி. நிரம்பிய தொட்டி 60 கிலோவுக்கு மேல் கனக்கும், நகர்த்த முயலாதீர்கள்.

பழைய மீன்கள் மெலிந்து, முதுகு வளைந்து, உடம்பில் புண்ணோடு செத்தன என்று கேள்விப்பட்டால் அந்தத் தொட்டியே வேண்டாம் என்பேன். அது மீன் காசநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி பிளீச்சுக்கு எளிதில் மசியாது, கையில் வெட்டுக்காயம் இருந்தால் நமக்கும் தொற்றும்.

நேரம் முடிந்ததும் கலவையைச் சாக்கடையில் ஊற்றுங்கள், செடிக்கு வேண்டாம். மூன்று நான்கு முறை அலசிவிட்டு மறுபடி தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் மருந்தை (தண்ணீரில் உள்ள குளோரினை முறிப்பது, மீன் கடையில் கிடைக்கும்) வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு விட்டுச் சிறிது நேரம் வையுங்கள். பொம்மைகளையும் அதிலேயே போடலாம். பிறகு கொட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பொம்மைக்குள் குழி இருந்தால் கவிழ்த்து வையுங்கள், உள்ளே தேங்கும் துளிதான் பின்னால் மீனின் செவுளைச் சுடும்.

வாடை போய்விட்டதா என்று அன்றே முகர்ந்து பார்த்துப் பயனில்லை, பிளீச்சோடு புழங்கிய மூக்குக்கு எதுவும் தெரியாது. மறுநாள் பாருங்கள், அல்லது வேறு யாரையாவது முகரச் சொல்லுங்கள். லேசாக அடித்தாலும் ஆன்டி குளோரின் சுற்று இன்னொரு முறை. குளோரின் சோதனைப் பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒன்று மறக்காதீர்கள்: மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றிவிடும் நல்ல பாக்டீரியாவும் இதில் செத்திருக்கும். ஆக, இது புதுத் தொட்டிதான். ஃபில்டரை ஓட்டி, முறையாக சைக்கிள் செய்து (அதாவது அந்த பாக்டீரியாவை மறுபடி வளரவிட்டு), சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகே மீனை விடுங்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.