அப்ருட்சோவின் சின்ன மலை ஊர்களுக்குப் போவது எப்படி? (பேருந்து அட்டவணை படிப்பது உட்பட)

ரோமிலிருந்து கிழக்கே இரண்டு மூன்று மணி நேரம் போனால் அப்ருட்சோ மாநிலம். அப்பெனைன் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான கோர்னோ கிராண்டே (2,912 மீட்டர்) இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேலே, கல்வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய ஊர்கள் இந்த மலைகளில் நிறைய. ‘போர்கோ’ என்பார்கள். ஆடும் கம்பளியும் தந்த பணத்தில் எழுந்த ஊர்கள் இவை. அந்தத் தொழில் படுத்ததும் பாதி ஊர் அமெரிக்கா, கனடா என்று கிளம்பிவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லாததால் பழைய வீடுகள் தப்பித்தன.

விசா, விமானம், ரோமில் தங்குவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ரோம் டிபுர்டினா ரயில் நிலையத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

படி 1: ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள்

தெற்கே, சுல்மோனா நகரைச் சுற்றி ஸ்கான்னோ, அன்வெர்சா, பச்சென்த்ரோ, பெஸ்கோகோஸ்டான்சோ. இந்தப் பக்கத்துக்குப் பேருந்து போதும். வடக்கே, கிரான் சாஸ்ஸோ மலைச்சரிவில் சான்டோ ஸ்டெஃபனோ டி செஸ்ஸானியோ, ரோக்கா கலாஷோ, காஸ்டெல் டெல் மோன்டே, நவெல்லி. இங்கே கார் இல்லாமல் போவது வீண் அலைச்சல். மூன்று நாள் விடுமுறையில் இரண்டு பக்கமும் போக நினைத்தால் வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையைத்தான் பார்ப்பீர்கள், ஊரைப் பார்க்க மாட்டீர்கள்.

‘இத்தாலியின் மிக அழகான ஊர்கள்’ என்று 2001-இல் தொடங்கிய சங்கம் ஒன்று பட்டியல் வைத்திருக்கிறது. ஊர்களைத் தேர்ந்தெடுக்க அது நல்ல தொடக்கம். ஆனால் அதில் இருக்கிற எல்லா ஊரையும் டிக் அடிக்கக் கிளம்பாதீர்கள்.

படி 2: மாதம்

என் ஓட்டு செப்டம்பர் பின்பாதிக்கு. ஆகஸ்டில் இத்தாலியர்களே இங்கே குவிந்துவிடுவார்கள். குளிர்காலத்தில் பல உணவகங்கள் கதவைச் சாத்திவிடும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல மலைச்சாலைகளில் பனி டயரோ சங்கிலியோ கட்டாயம். செப்டம்பரைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது படி 4-இல் வரும்.

படி 3: சுல்மோனாவில் தங்குங்கள்

தெற்குப் பக்கம் என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம். டிபுர்டினாவிலிருந்து பெஸ்காரா போகும் பாதையில் ரயில், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். பாதைப் பணி நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் வாங்கிய வட்டார ரயில் டிக்கெட்டை நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கினால் ஏறுவதற்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். நிலையம் ஊரிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

சுல்மோனா ரோமானியக் கவிஞர் ஓவிட் பிறந்த ஊர். 1256-இல் கட்டிய கல் நீர்ப்பாலம் சந்தைத் திடலின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. பாதாம்பருப்பின் மேல் சர்க்கரை பூசிய ‘கன்ஃபெட்டி’ மிட்டாய்க்கும் இந்த ஊர்தான் பெயர் போனது.

படி 4: பேருந்து அட்டவணை

நிதானமாகப் படியுங்கள், பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அப்ருட்சோவின் அரசுப் பேருந்து நிறுவனத்தின் பெயர் ‘துவா’. அதன் இணையதளத்திலேயே வழித்தட வாரியாகப் பிடிஎஃப் கிடைக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். பொதுவான வழிகாட்டிச் செயலிகள் காட்டும் நேரத்தை இந்த மலை ஊர்களுக்கு நான் நம்புவதில்லை.

பிடிஎஃப்பைத் திறந்ததும் நேரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் ஒவ்வொரு நேரத்துக்கும் மேலேயோ பக்கத்திலேயோ இருக்கும் குறியைப் பாருங்கள். ‘ஃபெரியாலே’ என்றால் வேலை நாள், திங்கள் முதல் சனி வரை. ஆம், சனிக்கிழமையும் இதில் சேரும். ‘ஃபெஸ்டிவோ’ என்றால் ஞாயிறும் அரசு விடுமுறையும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15 எல்லாம் இதற்குள் வரும். ‘ஸ்கொலாஸ்டிகோ’ என்றால் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும். சிக்கல் இந்த மூன்றாவதில்தான்.

சின்ன ஊர்களுக்குப் போகும் பேருந்துகளில் கணிசமானவை அங்கிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரவே ஓடுகின்றன. ஜூன் இரண்டாம் வாரம் பள்ளி முடிந்தால் அந்தப் பேருந்துகளும் நின்றுவிடும். செப்டம்பர் நடுவில்தான் திரும்ப வரும். தாளில் ஒரு நாளைக்கு ஏழெட்டு நேரம் அச்சாகியிருக்கும். ஜூலை மாத ஞாயிறு ஒன்றுக்கு வடிகட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டுகூட மிஞ்சாது. நான் செப்டம்பரைச் சொன்னது இதனால்தான்.

அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். திரும்பி வரும் கடைசிப் பேருந்து எது, அது நீங்கள் போகும் நாளில் ஓடுமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அப்புறம் அதற்கு முந்தைய பேருந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் பிடிக்க வேண்டிய பேருந்து. கடைசியை அவசரத்துக்கு விட்டுவையுங்கள். காலையில் போகும் நேரத்தை இதற்கெல்லாம் பிறகு பார்த்தால் போதும்.

டிக்கெட்டை ‘டபாக்கி’ என்ற புகையிலைக் கடையிலோ காபி பாரிலோ முன்கூட்டியே வாங்குங்கள், திரும்புவதற்கும் சேர்த்து. மதியத்தில் மலை ஊரில் அந்தக் கடை மூடியிருக்கும்.

படி 5: தெற்கில் ஒரு நாள்

சுல்மோனா–ஸ்கான்னோ வழித்தடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாஜிட்டாரியோ பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களுக்கு நடுவே சுமார் ஒரு மணி நேரம். வழியிலேயே அன்வெர்சா வரும். அதற்கு மேலே, கத்தி முனை போன்ற பாறை விளிம்பில் இருக்கும் காஸ்ட்ரோவால்வாவை ஓவியர் எஷர் 1930-இல் வரைந்திருக்கிறார். ஸ்கான்னோவின் படிக்கட்டுத் தெருக்களையும் கறுப்பு உடைப் பெண்களையும் 1951-இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் படம் எடுத்தார். வயதான பெண்கள் தெருவில் போனால் நீங்களும் கேமராவைத் தூக்காதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் பச்சென்த்ரோ போதும். சுல்மோனாவுக்குப் பக்கத்திலேயே, கோட்டைக் கோபுரங்களோடு இருக்கிறது. பாடகி மடோனாவின் தந்தைவழித் தாத்தா பாட்டியின் ஊர்.

படி 6: வடக்குப் பக்கம், காரில்

இந்திய உரிமம் மட்டும் போதாது, கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ.வில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். இருப்பதிலேயே சின்ன காரைக் கேளுங்கள். ஊருக்குள் ஓட்ட வேண்டாம், வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். கார் ஓட்ட எந்த வரைபடச் செயலியும் சரி. நடப்பதற்கு மட்டும் ‘ஆர்கானிக் மேப்ஸ்’. சிக்னல் இல்லாத இடத்திலும் ஒற்றையடிப் பாதைவரை காட்டும்.

சான்டோ ஸ்டெஃபனோ சுமார் 1,250 மீட்டர் உயரத்தில், நூறு பேர் அளவில் வசிக்கும் ஊர். ஃபிளாரன்ஸின் மெடிச்சி குடும்பம் 1579-இல் இதைக் கம்பளிக்காகவே வாங்கியது. ஊரின் வட்டக் கோபுரம் 2009 ஏப்ரல் 6 நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது. இங்கிருந்து ரோக்கா கலாஷோ கோட்டைக்கு (1,460 மீட்டர்) நடைபாதை இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் ஆகும். நடந்தே போங்கள் என்பேன். கூட்டமான நாட்களில், கோட்டைக்குக் கீழே இருக்கும் கலாஷோ ஊரிலிருந்து மேலே போகும் சாலையில் கார்களை விடுவதில்லை, சிற்றுந்தில்தான் போக வேண்டும். 1703 நிலநடுக்கத்துக்குப் பிறகு மேலே கோட்டையை ஒட்டியிருந்த ஊர்க்காரர்கள் பலர் கீழே கலாஷோவுக்கு இறங்கிவிட்டார்கள்.

நவெல்லிக்கு அக்டோபர் கடைசியில் போனால் விடியற்காலையில் குங்குமப்பூ பறிப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறி இதழ் விரிவதற்குள் பறித்து முடித்துவிடுவார்கள்.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். தவறவிட்டால் இரவு ஏழரை வரை சூடான சாப்பாடு கிடைப்பது கஷ்டம். அசைவக்காரர்களுக்கு ஆட்டிறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடும் ‘அர்ரோஸ்டிச்சினி’. ஒன்றிரண்டோடு யாரும் நிறுத்துவதில்லை, கொத்தாகவே கேளுங்கள்.

பின்சேர்க்கை (பின்னூட்டங்களுக்குப் பிறகு)

சைவம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சான்டோ ஸ்டெஃபனோவின் பொடிப் பயறு சூப் அருமை, ஆனால் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் ‘பல்லோட்டே காச்சோ எ ஓவா’ கேளுங்கள், சீஸும் முட்டையும் பிசைந்து பொரித்துத் தக்காளிச் சாற்றில் போட்ட உருண்டைகள். சீஸில் விலங்கு ரென்னெட் (விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்து, பாலை உறையவைக்கச் சேர்க்கும் பொருள்) இருக்கும் என்பதால் கண்டிப்பான சைவக்காரர்கள் தவிர்க்க வேண்டும்.

காஸ்டெல் டெல் மோன்டே என்று வரைபடத்தில் அடித்தவருக்குப் புல்யா மாநிலத்தில் இருக்கும் எண்கோணக் கோட்டை வந்திருக்கிறது. அதுதான் உலகப் புகழ் பெற்றது, ஆனால் அது வேறு. ஊர்ப் பெயரோடு ‘லாக்விலா’ என்று மாவட்டத்தையும் சேர்த்து அடியுங்கள்.

கோகுல்லோ பாம்புத் திருவிழாவைப் பற்றியும் ஒரு கேள்வி. மே 1 அன்று சான் டொமெனிக்கோ சிலைமேல் உயிருள்ள பாம்புகளைப் போர்த்தி ஊர்வலம் விடுவார்கள். அன்று பேருந்துகள் ‘ஃபெஸ்டிவோ’ கணக்கில்தான் ஓடும், அதனால் அவற்றை மறந்துவிடுங்கள். சுல்மோனாவிலிருந்து ரோம் போகும் பாதையிலேயே கோகுல்லோவுக்கு நிலையம் இருக்கிறது, ரயிலில் போய்விடுங்கள்.