மீன் தொட்டிக்கு மணல் வாங்கறீங்களா, கலர பாத்து வாங்காதீங்க (சேலத்துக்காரங்களுக்கு கொஞ்சம் ஸ்பெஷலா)

கடைக்குப் போனா எல்லாரும் வெள்ளையா கருப்பான்னு தான் கேக்கறாங்க, ஆனா பாக்க வேண்டியது மணலோட மணி எந்த சைஸ், எந்த ஷேப், அப்புறம் அந்த மணல் தண்ணிய என்ன பண்ணும்ங்கறது, அவ்வளவுதான்.

சைஸ் முதல்ல. 0.5லேந்து 1 மில்லிமீட்டர், அதாவது ரவைக்கும் கடுகுக்கும் நடுவுல இருந்தா சரி. மாவு மாதிரி பொடியா இருந்தா இறுகிப்போயிடும், அடில ஆக்சிஜன் போகாம கருப்பு கருப்பா திட்டு விழும், கிளறுனா அழுகின முட்டை நாத்தம் வரும் பாருங்க, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்கு ஆகாது. ரொம்ப பெருசா போனா அது கிராவல், தீனியும் கழிவும் இடுக்குல இறங்கி அங்கயே அழுகும்.

ஷேப் ஏன் முக்கியம்னா கோரி, லோச் மாதிரி மீனெல்லாம் மூஞ்சிய மணல்ல பொதச்சு அள்ளி வாயில போட்டு செவுள் வழியா வெளிய விடும், மணி கூர்மையா இருந்தா மீசை தேஞ்சு புண்ணாயிடும். ஈர மணல உள்ளங்கைல வச்சு நல்லா தேச்சு பாருங்க, சுருக்கு சுருக்குன்னு குத்துனா வேண்டாம். எம் சாண்ட் இதுலயே அவுட், அது கருங்கல்ல உடைச்சு எடுக்கறது, முனையெல்லாம் கூரா இருக்கும், கூடவே எவ்வளவு கழுவுனாலும் பவுடர் வந்துட்டே இருக்கும். வீடு கட்ட இறக்கினது மீதி கெடக்குன்னு தொட்டில கொட்டிடாதீங்க.

ஆத்து மணல் உருண்டையா நல்லாத்தான் இருக்கும், ஆனா மேட்டூர் போறப்ப காவிரில ரெண்டு பை அள்ளிட்டு வரலாம்னு நெனைக்காதீங்க, பர்மிட் இல்லாம அள்ளுனா கேஸ். திருமணிமுத்தாறு பத்தி கேக்கவே வேண்டாம், சாக்கடையும் சாயக்கழிவும் ஓடின ஆறு அது.

என்னைக் கேட்டா சிலிக்கா மணல் தான். ஸ்விம்மிங் பூல் ஃபில்டர், போர் தண்ணி ஃபில்டர் உள்ள போடுவாங்களே அதே தான், 16/30 கிரேடுன்னு கேளுங்க, ஏறக்குறைய 0.6லேந்து 1.2 மில்லிமீட்டர் வரும். தண்ணில எதையும் கரைக்காது. மீன் கடைல குட்டி பாக்கெட்ல வர்ற கலர் மணல விட மூட்டையா வாங்கறது எவ்வளவோ மேல், அந்த நீலமும் ரோஸும் பெயிண்ட் தானே.

இப்ப நம்ம ஊர் மேட்டர். சேலத்துல போர் தண்ணி பல ஏரியாவுல ஏற்கனவே கடினம், பாத்திரத்து அடில வெள்ளையா உப்பு படியறது தெரியும்ல. இதுல கிளிஞ்சல், மார்பிள் தூள் கலந்த மணலப் போட்டா கடினத்தன்மை இன்னும் ஏறும். கண்டுபிடிக்க மணல்ல வினிகர் ஊத்தி நுரை வருதான்னு பாக்கச் சொல்வாங்க, சுண்ணாம்புக்கல்லுக்கு அது சரி. ஆனா கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் கெடைக்கற வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட், சூடு பண்ணாத வினிகர்ல அது நுரைக்கறதே கண்ணுக்குத் தெரியாது, நீங்களும் நல்ல மணல்னு நம்பிடுவீங்க. அதனால ஜாடி டெஸ்ட் பண்ணுங்க: கழுவின மணல் ஒரு டம்ளர் எடுத்து ஜாடில போட்டு ஆர்ஓ தண்ணி ஊத்துங்க, பக்கத்துல மணல் இல்லாம வெறும் ஆர்ஓ தண்ணி இன்னொரு ஜாடி. ஒரு வாரம் கழிச்சு ரெண்டுலயும் டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவு), ஜிஎச் (கடினத்தன்மையோட அளவு) பாருங்க, மணல் ஜாடில நல்லா ஏறிருந்தா அந்த மணல் வேண்டாம். கப்பி, மோலி, ஆப்பிரிக்கன் சிக்லிட் வளக்கறவங்களுக்கு இது பெரிய கவலை இல்ல, அதுங்களுக்கு கடினத் தண்ணியே பிடிக்கும். டெட்ரா, டிஸ்கஸ் ஆளுங்க தான் உஷாரா இருக்கணும்.

எவ்வளவு வாங்கணும்? 2 அடிக்கு 1 அடி தொட்டில 4 சென்டிமீட்டர் உயரம் போட 11, 12 கிலோ போதும். செடி நிறைய வைக்கறீங்கன்னா கொஞ்சம் கூட்டுங்க, சிலிக்கால சத்து எதுவும் கிடையாது, வேர்கிட்ட ரூட் டேப் (செடிக்கான உர மாத்திரை) சொருகணும்.

பக்கெட்ல பாதி மட்டும் மணல் போட்டு ஹோஸ் விட்டு கையால கிளறி கிளறி கலங்கல் தண்ணிய சாய்ச்சு விடுங்க, தெளிவா வர்ற வரைக்கும், சோம்பேறித்தனம் பட்டா தொட்டி ரெண்டு மூணு நாள் மோர் கலர்ல நிக்கும். தண்ணி ஊத்தறப்ப மணல் மேல ஒரு தட்டு வச்சு அதுமேல ஊத்துங்க. கலங்கல் அடங்கற வரைக்கும் ஃபில்டர ஆன் பண்ணாதீங்க, தூசி இம்பெல்லர்ல (உள்ள சுத்தற சின்ன விசிறி) போய் தேச்சுடும், அப்புறமும் உறிஞ்சற வாய்ல ஒரு ஸ்பாஞ்ச் மாட்டி வைங்க.

க்ளீன் பண்றப்ப சைஃபன் குழாய (அழுக்குத் தண்ணிய உறிஞ்சற குழாய்) கிராவல்ல குத்தற மாதிரி உள்ள விட வேண்டாம், மணலுக்கு ரெண்டு விரல் உயரத்துல புடிச்சு வட்டமா ஆட்டுனா அழுக்கு மட்டும் ஏறும், மணல் கீழயே நிக்கும். வாரம் ஒருக்கா விரலால மேலாக்க கிளறி விடுங்க, இல்லன்னா ட்ரம்பெட் நத்தை நாலு விடுங்க, அதுங்க மணலுக்குள்ளயே பூந்து பூந்து கிளறிட்டே இருக்கும், ஆனா தீனி ஓவரா போட்டீங்கன்னா அதுங்க பெருகறத நிறுத்த முடியாது.